ஏழைப் பந்தயக்காரர் நலச் சங்கம்

அமெரிக்காவில் ஒரு வகை ஏழை இருக்கிறார். அவருக்குச் சொந்தமாகப் பல் மருத்துவமனை இருக்கும். இல்லாவிட்டால் வக்கீல் ஆபீஸ். புறநகரில் வீடு, வீட்டை ஒட்டி மூன்று கார் நிற்கும் ஷெட். சனிக்கிழமை விடிகாலை, நான்காவது காரை டிரெய்லரில் ஏற்றி, டிரெய்லரை இழுப்பதற்கென்றே வாங்கிய பெரிய வண்டியில் மாட்டிக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் புறப்படுவார். இரண்டு நாள் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளியிடம் பெருமூச்சு விடுவார்: "ஃபெராரி, போர்ஷே எல்லாம் பணக்காரர்கள் ஓட்டுவது. நமக்கு ஏதோ நம் சக்திக்கு ஒரு சின்ன கிளாஸ்." வாயில் பஞ்சு இருப்பதால் நோயாளி பதில் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட ஏழைகளின் துயர் துடைக்க 1984-இல் ஒரு கார் களத்துக்கு வந்தது. பெயர் ஸ்போர்ட்ஸ் ரெனோ. விலை ஏறத்தாழ 10,000 டாலர். அந்த வருஷம் அமெரிக்கச் சட்டம் நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். ஓட்டலில் வாரம் 40 மணி நேரம் தட்டு கழுவும் ஒருவர், சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், வரி கட்டாமல், பிள்ளைக்குப் பால் வாங்காமல், கூலி முழுவதையும் உண்டியலில் போட்டுவந்தால் 75 வாரத்தில் அந்தக் காரை வாங்கிவிடலாம். பிறகு தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம், டயர், டிரெய்லர், இழுக்க வண்டி, நுழைவுக் கட்டணம், லைசென்ஸ் பயிற்சி. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் பட்டினி கிடந்தால் போயிற்று. ஆனாலும் அமெரிக்காவின் கிளப் பந்தய வட்டாரத்தில் இந்தக் காருக்கு "எளியவனின் கார்" என்றுதான் மரியாதை.

காரை நான் குறை சொல்ல மாட்டேன். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் உடம்பு, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ரெனோவின் குடும்பக் காரிலிருந்து எடுத்த 1.7 லிட்டர் என்ஜின். எல்லோருக்கும் அதே என்ஜின், அதே டயர், அதே ஸ்பிரிங். என்ஜினைத் திறக்க முடியாது, சீல் வைத்திருக்கும். பணத்தைக் கொட்டி வேகம் வாங்க வழியில்லாமல், கையும் காலும் கண்ணும் உள்ளவன் ஜெயிக்கட்டும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். என் சந்தேகம் வேறு. ஒருவனுக்கு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால், மிச்சத்தை யார் கொடுத்தார்கள்? இந்தப் பந்தயக் கிளாஸின் சரித்திரம் எழுதியவர்கள் குதிரைத்திறன், எடை, சுற்று நேரம் எல்லாவற்றையும் தசமப் புள்ளிவரை எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் வாசகருக்கே விட்டுவிட்டார்கள்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் கலையில், இந்தக் காருக்குப் பந்தயம் நடத்தும் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்புக்குப் பழைய அனுபவம் உண்டு. 1944-இல் பாஸ்டனில் தொடங்கிய கிளப் அது. ஆரம்ப நாட்களில் அவர்களுக்கு அமெச்சூர் என்பது மதம். பரிசுப் பணம் கூடாது. காசுக்கு ஓட்டுகிறவன் தொழிலாளி, நாம் கனவான்கள். பணம் வேண்டாம் என்று சொல்லும் பண்பு பொதுவாகப் பணம் உள்ள வீட்டில்தான் வளரும். கனவான்கள் ஊர்த் தெருக்களிலேயே பந்தயம் விட்டார்கள். 1952-இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் ஊரில், தெருவோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கார் பட்டு இறந்தான். அதன்பின் தெருப் பந்தயத்துக்கு எந்த ஊரும் லேசில் இடம் கொடுக்கவில்லை.

கைகொடுத்தவர் ஜெனரல் கர்டிஸ் லெமே. 1945 மார்ச்சில் டோக்கியோவின் மரவீடுகள்மேல் நெருப்புக்குண்டு பொழிந்து, ஒரே இரவில் லட்சம் பேருக்குப் பக்கம் சாகவைத்த தாக்குதலுக்கு உத்தரவிட்ட அதே லெமே. 1950-களில் அவர் அணுகுண்டு விமானப் படையின் தலைவர். ஓய்வு நேரத்தில் ஆலார்ட் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் காதலர். 1952-லிருந்து 1954 வரை தன் படையின் விமானத் தளங்களைக் கிளப்புக்குத் திறந்துவிட்டார். சோவியத் நாட்டை அழிக்கப் பறக்கவேண்டிய விமானங்களின் ஓடுபாதையில் ஜாகுவாரும் ஃபெராரியும் ஓடின. வசூல் பணம் படைவீரர் நலநிதிக்கு என்றார்கள். ஏழைச் சிப்பாய்க்கு நாற்காலி வாங்குவதற்காகப் பணக்காரர்கள் தியாகம் செய்து கார் ஓட்டினார்கள் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் நாடாளுமன்றத்தில் யாரோ ஒரு முரடர், குண்டுவீச்சுத் தளம் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து என்று விசாரிக்கத் தொடங்கவும், தியாகம் நின்றது.

உண்மையிலேயே கையில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த பந்தயம் ஒன்று இருந்தது. அது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், போர் முடிந்த இங்கிலாந்தில். ரொட்டிக்கு வரிசை, பெட்ரோலுக்கு ரேஷன். அந்த ரேஷன் 1950 மே மாதம் வரை நீடித்தது. 1922-இல் பிறந்த ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் கார் அப்போது ஊர் முழுக்கப் பழைய இரும்பாகக் கிடந்தது. 747 சிசி என்ஜின். 750 மோட்டார் கிளப் என்ற பெயரில் 1939-இலேயே சேர்ந்திருந்த ஒரு கூட்டம், 1949-இல் அந்தப் பழைய இரும்புக்கு ஒரு பந்தய விதி எழுதியது. ஆஸ்டின் செவனின் சட்டம், என்ஜின், கியர் இவற்றை எடுத்துக்கொள், மேலே தகரத்தால் உன் இஷ்டத்துக்கு ஓர் உடம்பு கட்டிக்கொள், வா, ஓட்டு. யாரும் தானம் கொடுக்கவில்லை. அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போய், ராத்திரி வீட்டுப் பின்கட்டில் ரம்பம் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு அதே காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்து, அதே காரில் வீடு திரும்பினார்கள், திரும்ப முடிந்தால்.

இரண்டே வருஷம். 1951-இல் 23 வயதுப் பொறியாளர் ஒருவர் தன் கையால் கட்டிய காரோடு வந்து, எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். பெயர் காலின் சாப்மன். காரின் பெயர் லோட்டஸ் மார்க் 3. அந்த என்ஜினில் நான்கு சிலிண்டர், ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டே வாசல். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரு வாசலைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று பிடுங்கித் தின்னும். வாசலை வெட்டி மாற்றக்கூடாது என்பது கட்டுப்பாடு. சாப்மன் வெட்டவில்லை. காற்றையும் பெட்ரோலையும் வாசலுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டுக் குழாயை, வாசலின் நடுவே ஒரு தகடு போகும்படி செய்து, இரண்டு வாசலை நான்காக்கிவிட்டார். விதிப்புத்தகத்தில் தகடு என்ற சொல்லே கிடையாது. மற்றவர்கள் தூசி தின்றார்கள். அடுத்த பருவத்துக்கு விதி திருத்தப்பட்டது. சாப்மன் அதற்குள் வேறு கிளாஸுக்குப் போய்விட்டார். கூர்மையான மூளை, மறுப்பதற்கில்லை. ஏழைகளுக்கென்று எழுதிய விதியை முதலில் நிறுத்தி வாசிப்பவன், எப்போதும் மேலே போகப் போகிறவன்தான்.

எவ்வளவு மேலே என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய லோட்டஸ் கம்பெனி ஃபார்முலா ஒன் உலகப் பட்டங்களை வென்றது. 1970-களின் கடைசியில் ஜான் டெலோரியன் என்ற அமெரிக்கர், பிரிட்டிஷ் அரசின் பணத்தில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பக்கம் ஒரு கார் தொழிற்சாலை தொடங்கினார். குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஊர், வேலையில்லாத் திண்டாட்டம். அரசு கிட்டத்தட்ட எட்டுக் கோடி பவுண்ட் இறக்கியது. அந்தக் காரை ஓடும் காராக்கிக் கொடுக்கும் வேலை லோட்டஸுக்கு வந்தது. அதற்கான பணத்தில் ஒரு கோடியே எழுபத்தாறு லட்சம் டாலர், பனாமாவில் பதிவுசெய்த ஜிபிடி என்ற கம்பெனிக்குள் நுழைந்து மறைந்தது. தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் சாப்மன் மாரடைப்பில் இறந்தார். அவர்மேல் வழக்கு நடக்கவேயில்லை. லோட்டஸின் கணக்கு வழக்கைப் பார்த்த ஃபிரெட் புஷெலுக்கு 1992-இல் மூன்று வருஷச் சிறை கிடைத்தது. சாப்மன் உயிரோடு கூண்டில் நின்றிருந்தால் பத்து வருஷமாவது கொடுத்திருப்பேன் என்று நீதிபதி சொன்னார். இரண்டு வாசலை நான்காக்கும் வித்தை 747 சிசியோடு நிற்கவில்லை. பெல்ஃபாஸ்ட் தொழிலாளிக்குத்தான் கடைசியில் ஒரு வாசலும் இல்லாமல் போனது.

அதே 750 கிளப் 1953-இல் ஃபோர்டின் பழைய 1172 சிசி என்ஜினை வைத்து இன்னொரு மலிவுக் கிளாஸ் தொடங்கியது. அதில் ஒரு கார் கட்டி ஜெயித்தவர் எரிக் பிராட்லி. பின்னாளில் லோலா கம்பெனியை நிறுவினார். 1963-இல் ஹென்றி ஃபோர்டின் பேரன் ஃபெராரி கம்பெனியை விலைக்குக் கேட்டார். இத்தாலியக் கிழவர் கடைசி நிமிஷத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார். அவமானத்துக்குப் பழிதீர்க்க பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயத்தில் ஃபெராரியைத் தோற்கடிக்க வேண்டும், செலவைப் பற்றிக் கவலையில்லை என்று உத்தரவானது. அதற்கு அடித்தளமாக ஃபோர்டு பிடித்தது பிராட்லியையும் அவருடைய லோலாவையும். ஃபோர்டு தரப்பில் அந்த வேலையை நடத்திய பொறியாளர் ராய் லன். அப்படி வந்ததுதான் ஜிடி 40. 1966-இல் லெ மான்ஸில் முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கு. ஒரு கோடீஸ்வரரின் மானம் காப்பாற்றப்பட்டது. உலக மகா செலவுக் கார்களில் ஒன்றைச் செய்துமுடித்த அதே ராய் லன்தான், பதினெட்டு வருஷம் கழித்து நமது எளியவனின் காரையும் வடிவமைத்தார். மலிவுக் கிளாஸ் வளர்த்த ஆளைக் கூட்டிப் பெருஞ்செலவுக் கார். பெருஞ்செலவுக் காரில் பழகிய ஆளைக் கூட்டி மலிவுக் கிளாஸ். வட்டமான தடத்தில் ஓடினால் புறப்பட்ட இடத்துக்குத்தானே வந்து சேர வேண்டும்.

சரி, 1984-க்கு வருவோம். இந்த ஸ்போர்ட்ஸ் ரெனோவை அமெரிக்க ஏழைகளுக்கு வழங்கிய வள்ளல் யார்? பிரெஞ்சு மக்கள். ரெனோ அப்போது தனியார் கம்பெனி இல்லை. நாஜிகளுக்கு வண்டி செய்து கொடுத்த குற்றச்சாட்டில் முதலாளி லூயி ரெனோ கைதாகி இறந்த பிறகு, 1945-இல் அரசு எடுத்துக்கொண்ட கம்பெனி. முப்பது நாற்பது வருஷம் பிரெஞ்சுத் தொழிலாளர் இயக்கத்தின் கோட்டை. அந்த அரசுக் கம்பெனி 1979-லிருந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற நொடித்த கம்பெனிக்குள் பணத்தைப் போட்டு, பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கை வாங்கியது. அலையன்ஸ் என்ற குடும்பக் காரை விற்கவேண்டும். 1983-க்கான சிறந்த கார் என்று மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதற்குப் பட்டமும் கொடுத்தது. பட்டம் கொடுத்த காகிதம் பழுப்பேறுவதற்குள் காரில் துருவேறியது என்பது வேறு கதை. விற்பனைக்கு மினுக்கு வேண்டுமே! பந்தயப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். அலையன்ஸின் உறவுக்கார என்ஜினை வைத்து மலிவாக ஒரு பந்தயக் கார்.

அதே 1984-இல் ரெனோவின் நஷ்டம் எவ்வளவு தெரியுமா? 1,250 கோடி ஃபிராங்க். பிரான்ஸ் கம்பெனிகள் அதுவரை கண்ட மிகப் பெரிய நஷ்டங்களில் ஒன்று. அடைத்தது யார்? பாரிஸில் சுரங்க ரயிலுக்கு நிற்கும் தட்டச்சுக்காரப் பெண்ணும், மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அல்ஜீரியனும் கட்டிய வரி. அவர்களுக்கு ஓஹாயோ மாநிலத்தில் ஒரு வக்கீல் மலிவு விலையில் மணிக்கு நூறு மைலுக்குமேல் பறந்தார் என்ற தகவலைக்கூட யாரும் சொல்லவில்லை. குறைந்தபட்சம் ஒரு நன்றிக் கடிதமாவது போட்டிருக்கலாம்.

இந்தப் பக்கம், விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரை ஊர் கெனோஷா. அலையன்ஸ் கார்கள் அங்கேதான் பூட்டப்பட்டன. கடந்த நூற்றாண்டின் கார்ச் சரித்திரத்தில் கெனோஷாத் தொழிலாளர்களைப் போல ஏமாந்தவர்கள் குறைவு என்பது என் தீர்மானம். 1982-இல் கம்பெனி தள்ளாடியபோது, புதிய மாடல்களுக்குப் பணமில்லை என்று முதலாளிகள் கையை விரித்தார்கள். தொழிற்சங்கம் உட்கார்ந்து பேசி, வரவேண்டிய கூலி உயர்விலும் சலுகைகளிலும் ஒரு பகுதியைக் கம்பெனிக்குக் கடனாக விட ஒப்புக்கொண்டது. ஆமாம், தொழிலாளி முதலாளிக்குக் கடன் கொடுத்தான். அதே கம்பெனியின் பந்தயப் பிரிவு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் வார இறுதிக் கனவான்களுக்கு மலிவு விலையில் குஷி விற்றது. யார் யாருக்கு மானியம் கொடுத்தார்கள் என்பதை இனி யாராவது பொருளாதாரப் பேராசிரியர் விளக்கட்டும். எனக்குக் கோபத்தில் வார்த்தை தடிக்கும்.

ரெனோவில் தலை மாறியது. 1985-இல் வந்த ஜார்ஜ் பெஸ் கத்தரிக்கோலோடு வந்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. 1986 நவம்பரில், பாரிஸில் அவருடைய வீட்டு வாசலிலேயே தீவிர இடதுசாரிக் குழு ஒன்று அவரைச் சுட்டுக் கொன்றது. ஒரு கொலையால் இருபதாயிரத்தில் ஒருவனுக்காவது வேலை திரும்பியதா? இல்லை. சில மாதங்களில் ரெனோ அமெரிக்காவிலிருந்து மூட்டை கட்டியது. 1987-இல் அமெரிக்கன் மோட்டார்ஸை வாங்கியது கிரைஸ்லர். தலைவர் லீ அயகோக்கா. தொலைக்காட்சி விளம்பரத்தில் விரல் நீட்டிப் பேசுவார், சுயசரிதை லட்சக்கணக்கில் விற்றது, ஜனாதிபதி ஆகலாமே என்றுகூட நாட்டில் பேச்சு. 1986-இல் அவர் பெற்ற சம்பளமும் பங்குச் சலுகையுமாகச் சேர்ந்து இரண்டு கோடி டாலருக்கு மேல். அவருக்குத் தேவைப்பட்டது ஜீப் என்ற பெயர். கெனோஷா கூடவே வந்த ஓட்டாஞ்சல்லி. 1988 ஜனவரியில் அறிவித்தார்: அசெம்பிளித் தொழிற்சாலை மூடப்படுகிறது. ஏறத்தாழ 5,500 பேர். இன்னும் சில வருஷமாவது ஓடும் என்று நம்பவைத்தார்களே என்று ஊர் கொதித்தது, மாநில அரசு வழக்குத் தொடரப்போவதாக மிரட்டியது. அந்த வருஷக் கடைசியில் கதவு அடைபட்டது. என்ஜின் பிரிவு மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்து 2010-இல் அதுவும் நின்றது. ஏரிக்கரையில் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று அடுக்கு வீடுகள், படகுத் துறை, அருங்காட்சியகம். காற்று வாங்க நல்ல இடம்.

நமது பந்தயக் கார் என்ன ஆயிற்று? ஒரு கீறலும் இல்லை. கம்பெனி செத்தாலும், தொழிற்சாலை மூடினாலும், ஐயாயிரம் குடும்பம் தெருவுக்கு வந்தாலும், சனிக்கிழமைப் பந்தயம் நிற்கக் கூடாதே! ரெனோ கைவிட்டதும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பே ஒரு துணைக் கம்பெனி வைத்துக் கார் செய்யும் உரிமையை எடுத்துக்கொண்டது. 5,500 பேருக்கு ஒரு வழி கண்டுபிடிக்க அமெரிக்கத் தொழில் மேதைமைக்கு முடியவில்லை. சில நூறு பொழுதுபோக்குக்காரர்களின் உதிரி பாகத்துக்கு மட்டும் உடனே வழி பிறந்தது. தப்பாக நினைக்காதீர்கள், அந்த வேலையை அவர்கள் திறமையாகவே செய்தார்கள். 1994-இல் ரெனோ என்ஜினை எறிந்துவிட்டு ஃபோர்டு எஸ்கார்ட்டின் 1.9 லிட்டர் என்ஜினை வைத்து, ஸ்பெக் ரேசர் ஃபோர்டு என்று பெயர் மாற்றினார்கள். 2015 வாக்கில் மூன்றாம் தலைமுறை என்று 1.6 லிட்டர் என்ஜின் வந்தது. ஆயிரத்துக்கு மேல் கார்கள் கட்டியிருக்கிறார்கள். கிளப் பந்தயத்துக்கென்றே செய்த கார்களில் அமெரிக்காவில் இந்த அளவு நிலைத்தவை குறைவு.

இதில் ஒரு நிர்வாக அற்புதம் உண்டு. விதியை எழுதுவது கிளப். காரைச் செய்வது கிளப்பின் கம்பெனி. உதிரி பாகம் விற்பதும் அதே கம்பெனி, அதன் அங்கீகாரம் பெற்ற ஆட்கள் வழியாக. ஓட்டுப்பெட்டிபோல் என்ஜினுக்கு வைக்கும் சீலும் அவர்களுடையது. சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரியும் கிளப் ஆள். இந்த என்ஜின் பழசாகிவிட்டது, இனி புது என்ஜினுக்கு மாறுங்கள் என்று முடிவு செய்வதும் அவர்களே. புது என்ஜினை விற்பதும் அவர்களே. சட்டசபை, போலீஸ், கோர்ட், கடை நான்கும் ஒரே கூரையின் கீழ். பொதுவுடைமையைக் கண்டால் தீட்டு என்று குளிக்கும் தேசத்தில், ஒரே மாதிரி கார், ஒரே கடை, மத்தியத் திட்டம் என்று லட்சணமான ஒரு சோவியத் குடியரசை ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் சத்தமில்லாமல் நடத்துகிறார்கள். கெனோஷாத் தொழிலாளி இதில் பத்தில் ஒரு பங்கு திட்டமிடலைக் கேட்டிருந்தால் கம்யூனிஸ்ட் என்று விரட்டியிருப்பார்கள். குடிமக்கள் எல்லோரும் சமம் என்ற ஆட்சி, குடிமக்கள் எல்லோரும் வசதியானவர்களாக இருக்கும்போது மட்டும் நன்றாக நடக்கும்போலிருக்கிறது.

ஆனால் சமம் வந்துவிட்டதா? பணம் தண்ணீர், இடுக்கு இருந்தால் புகுந்துவிடும். 1963-இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜினை வைத்து ஃபார்முலா வீ என்ற சிக்கனக் கிளாஸை ஏற்றார்கள். மேனிஃபோல்டைத் தொடக்கூடாது என்றது விதி. தொடவில்லை, பழைய மேனிஃபோல்டுகளைக் குவியலாக வாங்கி, அதில் காற்று நன்றாகப் போகும் ஒன்றைப் பொறுக்கியெடுத்தார்கள். 1967-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஃபார்முலா ஃபோர்டு பிறந்தபோது காரின் விலை 1,000 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. விலை வரம்பு எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஸ்பெக் ரேசரில் என்ஜினுக்குப் பூட்டு. ஆகவே பணம் மற்ற பக்கம் போனது. ஒவ்வொரு வாரமும் புது டயர். வெள்ளிக்கிழமையே வந்து தனியாகப் பயிற்சி. வேகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டி எந்த வளைவில் எவ்வளவு பயந்தாய் என்று சொல்லும் பயிற்சியாளர். கையில் எண்ணெய் படக்கூடாது என்பவருக்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்து, வந்து உட்கார்ந்து ஓட்டிவிட்டுப் போங்கள் என்று வாடகைக்குக் கார் தரும் குழுக்கள். பெட்ரோல் வாசம் பிடிக்காமலே எளியவன் ஆகிவிடலாம். அங்கேயும் ஒருவன் உண்டு: பழைய டயரோடு, கூடாரத்தில் படுத்து, தானே ஸ்பேனர் பிடித்து, பதினெட்டாவதாக வந்து சந்தோஷப்படுகிறவன். என் சாபம் அவனைச் சேராது. அவனை நோட்டீஸில் படமாகப் போட்டு மற்றவர்கள் பிழைப்பு நடத்துகிறார்களே, அவர்களுக்குத்தான்.

இந்த மொத்தக் கபடத்தையும் நேர்மையாகச் செய்பவர்கள் ஒரே கூட்டம்தான். 2006-இல் ஜே லாம் என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ். காரின் விலை 500 டாலருக்குள் இருக்கவேண்டும். பாதுகாப்புக் கம்பி, சீட்டு, பிரேக் இதெல்லாம் கணக்கில் சேராது. அப்படிப் பார்த்தால் அதுவும் ஆயிரக்கணக்கில்தான் போய் முடியும். ஆனால் அவர்கள் அழகே வேறு. நடுவர்கள் கறுப்பு அங்கி போட்டு உட்காருவார்கள். 500 டாலருக்கு மேல் எவ்வளவு செலவழித்திருக்கிறாய் என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி விசாரணை. கூடுதல் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று அபராதம். அங்கே லஞ்சம் சட்டபூர்வம். மேசைமேல் பாட்டிலை வைத்துவிட்டுப் பேசலாம். தடத்தில் ஒழுங்கு தவறினால் காரின் கூரையில் ஏதாவது இரும்புச் சிற்பத்தை வெல்டிங் செய்து அனுப்புவார்கள். ஆரம்ப வருஷங்களில் இன்னொரு வழக்கம் இருந்தது: பங்கேற்றவர்கள் ஓட்டுப் போட்டு, எல்லோருக்கும் பிடிக்காத ஒரு காரைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே நசுக்கிப் போடுவார்கள். முறையான கிளப்புகள் இவர்களைக் கோமாளிகள் என்கின்றன. இருக்கட்டும். லஞ்சத்தை மேசைக்கு மேலே வாங்குகிற நடுவரை நான் உலகத்தில் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இந்த நல்ல உதாரணத்தைப் பார்த்து நானும் ஒரு கிளாஸ் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கெனோஷா கோப்பை என்று பெயர். விதிகள் கொஞ்சம்தான். காரின் கதவில் எண்ணுக்குப் பதிலாக மொத்தச் செலவை எழுதவேண்டும். டிரெய்லர், இழுவண்டி, பயிற்சியாளர், வெள்ளிக்கிழமை ராத்திரி விடுதி எல்லாம் சேர்த்து. காரைக் கம்பெனியோ அரசாங்கமோ மலிவாகக் கொடுத்திருந்தால், பானெட்டில் அவர்கள் சின்னம் இருக்கலாம், தடையில்லை. சின்னத்துக்குக் கீழே அந்த வருஷம் அவர்கள் மூடிய தொழிற்சாலையின் பெயரும், வெளியே அனுப்பியவர்களின் எண்ணிக்கையும் அதே அளவு எழுத்தில் இருக்கவேண்டும். இடம் போதவில்லை என்றால் பின்பக்கமும் எழுதலாம்.

கடைசி விதி புதிதல்ல. அமெரிக்க மண் தடப் பந்தயங்களில் பழக்கத்தில் இருப்பது: ஒருவன் மலிவு என்று சொல்லி ஓட்டும் என்ஜினை, குறித்த விலை கொடுத்து எதிராளி வாங்கிக்கொள்ளலாம், மறுத்தால் வெளியே. பொய் சொல்லிப் பணத்தைக் கொட்டாமலிருக்க ஏழைகள் கண்டுபிடித்த அருமையான தாழ்ப்பாள். கனவான்களின் கிளப்புகள் இந்த விதியை அண்டவிடுவதில்லை. என் கிளாஸில் இதைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறேன். கொடி இறங்கியதும், வேலை போன எந்தத் தொழிலாளியும் வேலியைத் தாண்டி வந்து, விளம்பரத்தில் சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போகலாம். தவணையும் உண்டு, எவ்வளவு நீளமான தவணை என்பதை வாங்குகிறவர் தீர்மானிப்பார். முன்னாள் சொந்தக்காரருக்கு ஆட்சேபம் இருந்தால் நடுவரிடம் முறையிடலாம். நடுவர் அசெம்பிளி லைனில் காலம் முழுக்கக் கதவு மாட்டியவர், கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர். மேசைமேல் பாட்டில் வைத்துப் பேசலாம் என்று மட்டும் போகாதீர்கள். இவர் வேறு கிளாஸ்.